'சற்று முன்' ஒலியும் சிதறும் கவனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், மாணவர்கள் செல்போனைத் தள்ளி வைக்க வேண்டும், பெற்றோர் கண்காணிக்க வேண்டும் என்ற அறிவுரைகள் உங்கள் நாளிதழில் வரத் தொடங்கிவிடும். நோக்கம் நல்லதுதான். ஆனால் எப்படித் தள்ளி வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. செயின் கழன்று நடுரோட்டில் நிற்கும் பையனிடம் 'பார்த்து ஓட்டுப்பா' என்று சொல்லிவிட்டுப் போவதைப் போன்றது இது. செயினை எந்தப் பல்லில் மாட்டி, பெடலை எந்தப் பக்கம் சுற்றுவது என்று சொன்னால்தான் அவன் வீடு போய்ச் சேருவான். கவனச் சிதறலுக்கும் அப்படி ஒரு பழுதுபார்ப்பு உண்டு. அதில் பெரும்பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை முடிக்காமல் பிள்ளைகளின் மனவுறுதியைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஏன் நியாயமில்லை என்பதற்கு ஒரு காட்சி. பிளஸ் டூ மாணவி ஒருத்தி பகுதித் தொகையிடலில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்று பிரித்து மனதில் வைத்திருக்கிறாள். இரண்டாவது வரியில் ஒரு மைனஸ் குறி வர வேண்டும். பேனா அந்த இடத்துக்கு வரும்போது மேசை மேல் இருக்கும் போன் ஒருமுறை அதிர்கிறது. அவள் அதை எடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. 'யாராக இருக்கும்' என்று மட்டும் ஒரு நொடி நினைக்கிறாள். பேனா நகர்கிறது; மைனஸ் இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ் விழுகிறது. விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. எங்கே தவறு என்று முதலிலிருந்து தேடுகிறாள். கால் மணி நேரம் போய்விடுகிறது. கடைசியில் 'எனக்குக் கணக்கு வராது' என்று புத்தகத்தை மூடுகிறாள். அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும். ஒரு அதிர்வுதான் கெடுத்தது.

போனைக் கையில் எடுக்காவிட்டாலும் நோட்டிபிகேஷன் வந்த ஒலியோ அதிர்வோ மட்டுமே வேலையில் பிழைகளைக் கூட்டுகிறது என்பதை அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே 'வைப்ரேஷனில்தானே போட்டிருக்கிறேன்' என்பது சமாதானம் ஆகாது. மரமேசையில் வைத்த போன் அதிர்ந்தால் ரிங்டோனைவிட அதிகமாகவே உறுத்தும்.

வேலைக்கு நடுவில் கவனம் கலைந்தால் உயிரே போகும் இடங்களில் யாரும் மனவுறுதியை நம்பிக்கொண்டு இருப்பதில்லை. அமெரிக்காவில் 1981 முதல் ஒரு விமான விதி இருக்கிறது. விமானம் தரையிலிருந்து ஏறும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே இருக்கும்வரை, விமானி அறையில் பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சே கூடாது. அதற்கு முன் நடந்த விபத்துகளை ஆராய்ந்துதான் அந்த விதி வந்தது. 'விமானிகள் கவனமாக இருக்க வேண்டும்' என்று சுற்றறிக்கை அனுப்பியதோடு நிறுத்தவில்லை. கவனத்தைக் கலைப்பதையே அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். நம் வீட்டுப் படிப்பு மேசைக்கும் அலுவலக நாற்காலிக்கும் அதே முறைதான் தேவை.

நம்மைச் சுற்றி எதிர்த்திசையில் நடந்த ஏற்பாடுகளையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. அடுத்த பக்கம் வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் 'போதும்' என்று எழுந்துவிட முடியும். 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லாத ஸ்க்ரோல் முறை அந்த நொடியை எடுத்துவிட்டது. அதற்காக அவரே பின்னாளில் வருத்தம் தெரிவித்திருக்கிறார். நம் நாட்டில் 2016-இல் ஜியோ வந்தபிறகு டேட்டா மலிவாகி எல்லோர் கைக்கும் வந்தது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் முதல் சோதனை ஓட்டமே இந்தியாவில்தான் நடந்தது. கணினித் திரையில் ஒரே பக்கத்தில் மனிதர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கலிஃபோர்னியாவைச் சேர்ந்த குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் தொடர்ந்து அளந்துவருகிறார். 2004-இல் அது இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் சுமார் 47 நொடி. இத்தனைக்குப் பிறகும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் 'உனக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று சொல்வது கொஞ்சம் கொடுமை.

சரி, அந்த முக்கால் மணி நேர வேலைக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு போனை வைத்தே சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

முதலில் எதையும் மாற்ற வேண்டாம், எண்ணிப் பாருங்கள். செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதி இருக்கும். அதில் ஒரு நாளில் போனை எத்தனை முறை திறந்தீர்கள், எத்தனை நோட்டிபிகேஷன் வந்தது, எந்த ஆப் எத்தனை அனுப்பியது என்ற கணக்கு கிடைக்கும். நேற்றைய கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் இடம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு. அடுத்து சாப்பாடு, மளிகை, துணி விற்கும் ஆப்கள், கிரிக்கெட் ஸ்கோர், செய்தி ஆப்கள் என்று வரிசையாக இருக்கும். மனிதர்கள் நேரடியாக உங்களுக்கென்று அனுப்பியவை எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். மிகச் சொற்பமாக இருக்கும். காப்பாற்ற வேண்டியது அந்தச் சொற்பத்தை மட்டும்தான்.

அடுத்து, செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் ஆப்களின் பட்டியலைத் திறந்து, விற்கிற ஆப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். சாப்பாட்டு ஆப்பை முழுக்க அணைத்துவிடுவார்கள். பிறகு ஆர்டர் வாசலில் வந்து நிற்பது தெரியாமல் போகும். மறுநாளே எரிச்சலில் எல்லாவற்றையும் திரும்பத் திறந்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் நோட்டிபிகேஷன்கள் தனித்தனி வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆப்பின் பெயரைத் தொட்டால் 'ஆர்டர் அப்டேட்ஸ்', 'ப்ரமோஷன்ஸ்', 'ஆஃபர்ஸ்' என்று தனித்தனி சுவிட்சுகள் தெரியும். முதலாவதை விட்டுவிட்டு மற்றதை அணைத்தால் போதும். வங்கி ஆப்பிலும் பணம் வந்து போகும் தகவலை வைத்துக்கொண்டு கடன் விளம்பரத்தை மட்டும் நிறுத்தலாம். சில ஆப்கள் வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒரே வகையில் போட்டு அனுப்பும். அவற்றை 'சைலன்ட்' ஆக்கிவிடுங்கள். ஒலிக்காது, அதிராது, திரையை மேலிருந்து இழுத்தால் மட்டும் தெரியும். ஏதாவது தவறிப்போகுமோ என்ற பயம் இருந்தால் 'நோட்டிபிகேஷன் ஹிஸ்டரி'யைத் திறந்து வையுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் வந்தவை அதில் இருக்கும். அந்தப் பயம் போனால்தான் மற்ற மாற்றங்கள் நிலைக்கும்.

ஆப் படங்களின் ஓரத்தில் வரும் புள்ளியையும் எண்ணையும் அதே இடத்தில் அணைக்கலாம். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். கடிகாரம் பார்க்கப் போனை எடுத்தவர் பத்து நிமிடம் கழித்து மணி பார்க்காமலே கீழே வைப்பதற்குப் பெரும்பாலும் அந்தச் சிவப்புப் புள்ளிதான் காரணம்.

வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குழுவாக மியூட் செய்துகொண்டிருந்தால் வேலை முடியாது. செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் போனால் தனிச் செய்திக்கு ஒரு பகுதியும் குழுவுக்கு ஒரு பகுதியும் இருக்கும். குழு என்ற பகுதியில் ஒலியை 'நன்' (None) ஆக்கி, வைப்ரேட்டை 'ஆஃப்' செய்து, 'ஹை பிரயாரிட்டி' என்பதையும் அணைத்தால் எல்லாக் குழுக்களும் ஒரே அடியில் அமைதியாகிவிடும். உண்மையிலேயே தேவைப்படும் ஒரே ஒரு குடும்பக் குழுவுக்கு மட்டும் தனி ஒலி வைத்துக்கொள்ளலாம். ப்ரைவசி பகுதியில் குழுக்கள் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் தெரியாத ஆள் உங்களைக் குழுவில் சேர்க்க முடியாது. படமும் வீடியோவும் தானாக இறங்குவதை 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில் நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்களால் போன் நிரம்பித் திணறுவதும் இதோடு நிற்கும்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். வயதான அப்பா, அம்மாவின் போனில் கை வைக்கும்போது அவசரப்பட வேண்டாம். தெருத் திண்ணை போன பிறகு பலருக்கு அந்தக் காலை வணக்கம்தான் 'நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன்' என்ற தகவல். அவர்கள் அனுப்புவதைக் கேலி செய்வது பண்பல்ல. பெறுகிற நீங்கள் ஒலியை அணைத்துக்கொண்டு மாலையில் ஒருமுறை எல்லோருக்கும் பதில் போட்டால் போதும்.

அடுத்து 'டூ நாட் டிஸ்டர்ப்'. வேலை நேரம், படிப்பு நேரம், தூக்க நேரம் என்று தானாகத் தொடங்கி முடியும்படி வைக்கலாம். அதில் இரண்டு விதிவிலக்குகளை மறக்காமல் திறந்து வையுங்கள். நெருங்கிய ஐந்தாறு பேரை கான்டாக்ட்ஸில் ஸ்டார் போட்டுக்கொண்டால் அவர்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும். 'ரிப்பீட் காலர்ஸ்' என்பதைத் திறந்தால், ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் போன் ஒலிக்கும். வீட்டாரிடமும் மேலாளரிடமும் 'அவசரம் என்றால் இரண்டு முறை கூப்பிடுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதால்தான் பல வீடுகளில் மூன்றாம் நாள் சண்டை வந்து பழைய நிலைக்கே திரும்புகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் உறவினர்கள் வாட்ஸ்அப் காலில் கூப்பிடுவார்கள். இந்த விதிவிலக்குகள் சாதாரண அழைப்புக்குத்தான் நம்பகமாக வேலை செய்யும். அவர்களோடு பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குச் சாதாரண அழைப்பில் வரச் சொல்லுங்கள்.

எல்லா நோட்டிபிகேஷனையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டில் செல்போன் பயன்படுத்தும் 237 பேரை இரண்டு வாரம் கவனித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. நாளுக்கு மூன்று வேளை மட்டும் நோட்டிபிகேஷன்கள் சேர்த்து வரும்படி செய்தவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அறவே நிறுத்தியவர்களுக்கு அந்த நன்மை பெரிதாகக் கிடைக்கவில்லை. எதையோ தவறவிடுகிறோமோ என்ற பதற்றம்தான் கூடியது. ஆகவே காலை 9.30, பகல் 1.30, மாலை 6.30 என்பதுபோல் மூன்று வேளை வைத்துக்கொள்வது நல்லது. ஐஃபோனில் இதற்கென்றே 'ஷெட்யூல்டு சம்மரி' இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஆப்களைச் சைலன்ட் ஆக்கிவிட்டு, அந்த மூன்று நேரத்துக்கு மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

யூடியூபை விட முடியாதவர்களுக்கு ஒரு வழி. அதில் பாடமும் இருக்கிறது, பள்ளமும் இருக்கிறது. வாட்ச் ஹிஸ்டரியை முழுக்க அழித்துவிட்டு, இனிச் சேமிக்காதபடி நிறுத்திவிடுங்கள். முகப்பில் வரிசை கட்டி நிற்கும் வீடியோக்கள் மறைந்து வெறும் தேடல் பெட்டி மட்டும் நிற்கும். வேண்டிய பாடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். ஆட்டோபிளேயையும் அணைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று ஆப்புக்கு நேரம் குறிப்பதை நான் முதல் மருந்தாகச் சொல்ல மாட்டேன். பூட்டியவரே சாவியையும் வைத்திருப்பதால் முதல் வாரத்திலேயே 'இன்னும் பதினைந்து நிமிடம்' என்று திறந்துவிடுவார். ஐஃபோனில் ஸ்கிரீன் டைமுக்குத் தனி பாஸ்கோட் வைக்கலாம். அதை வீட்டில் வேறொருவர் போட்டால் மட்டுமே அது பூட்டு.

விளம்பர அழைப்புகளுக்கு அரசாங்கமே ஒரு கதவு வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் 0' என்று டைப் செய்து 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அல்லது அந்த எண்ணுக்கே அழைத்தால், வணிக அழைப்புகளும் செய்திகளும் தடுக்கப்படும். கடன், வீட்டுமனை என்று வகை வகையாகவும் தடுக்கலாம். ஓ.டி.பி.யும் வங்கித் தகவலும் வழக்கம்போல் வரும். 140 என்று தொடங்கினால் விளம்பரம். 1600 என்று தொடங்கினால் வங்கி போன்றவற்றின் சேவை அழைப்பு. பதிவு செய்த பிறகும் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து விற்க வந்தால் ஏழு நாளுக்குள் 1909-இலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. ஆப்பிலோ புகார் செய்யலாம். பலர் அந்த எண்ணை பிளாக் செய்வதோடு விட்டுவிடுகிறார்கள். நாளை வேறு எண்ணிலிருந்து வரும். புகார் போனால்தான் அனுப்பியவருக்கு உறைக்கும்.

இனி, பிள்ளைகள் விஷயத்தில் நாம் பேசாமல் கடந்துபோகும் ஒன்று: வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருவது. மாலை ஆறரை மணி. ஆசிரியை கரும்பலகையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்து எழுத ஆறாம் வகுப்புப் பையனிடம் அம்மா போனைக் கொடுக்கிறார். அவன் இரண்டு வரி எழுதுகிறான். திரை இருட்டாகிறது. திறக்கிறான். மேலே ஏதோ ஒரு நோட்டிபிகேஷன். விரல் படுகிறது. அம்மா தோசை திருப்பிவிட்டு வந்து பார்க்கும்போது நோட்டில் இரண்டே வரி. போனில் யாரோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள். திட்டு விழுவது பையனுக்கு. போனைக் கையில் கொடுக்க வைத்தது பள்ளியின் நடைமுறை.

வீட்டில் செய்யக்கூடியது இது. படத்தை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். டேட்டாவை அணைத்தாலும் சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் வரும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பிறகு செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்கிரீன் பின்னிங்' என்பதைத் திறந்து, வெளியேற பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து, திரையை அதிலேயே பூட்டி (அதுதான் 'பின்னிங்') கொடுத்தால் பையன் வேறு ஆப்புக்குப் போக முடியாது. ஐஃபோனில் இதன் பெயர் 'கைடட் ஆக்சஸ்'. திரை சீக்கிரம் அணையாமல் இருக்க 'ஸ்கிரீன் டைம்அவுட்'டைப் பத்து நிமிடமாக்குங்கள். திரும்பத் திரும்பத் திறப்பதுதான் வழுக்கும் இடம். இவற்றைவிட எளிது, அம்மாவோ அப்பாவோ அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது. அம்மாவோ அப்பாவோ என்று அழுத்திச் சொல்கிறேன். பள்ளிக் குழு, டியூஷன் குழு, வேன் குழு, அடுக்ககக் குழு என எல்லாம் பெரும்பாலும் அம்மாவின் போனில்தான் ஒலிக்கின்றன. கவனச் சிதறலின் பாதிச் சுமை இப்படி ஒருவர் தலையிலேயே விழுகிறது. இரண்டு குழுவையாவது அப்பாவின் எண்ணுக்கு மாற்றுங்கள்.

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள்: டைரியில் வீட்டுப்பாடம் எழுதும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால், குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 2018 முதலே அந்த வசதி இருக்கிறது. ஒரு அறிவிப்புக்கு 'நன்றி மிஸ்' என்று நாற்பது பதில் வருவது அதோடு நிற்கும். நாளுக்கு ஒரே ஒரு செய்தி, குறித்த நேரத்தில், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

அலுவலகங்களில் போனைவிட மனிதர்கள்தான் அதிகம் கலைக்கிறார்கள். அதில் பாதி, செய்தி எழுதும் முறையிலேயே இருக்கிறது. 'சார்' என்று ஒரு செய்தி. அரை நிமிடம் கழித்து 'குட் மார்னிங் சார்'. பிறகு 'ஒரு டவுட்'. பிறகு ஒரு நீண்ட மௌனம். மறுமுனையில் அவர் டைப் செய்வது மட்டும் தெரிகிறது. கடைசியில் வருவது: 'ஜிஎஸ்டி ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்கு?' நான்கு முறை தலை நிமிர வைத்த கேள்விக்கு ஒரு சொல் பதில். 'வணக்கம் சார், ஜூலை ஜிஎஸ்டி ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது? மாலை 4 மணிக்குள் தெரிந்தால் போதும்' என்று ஒரே செய்தியாக அனுப்பினால் மரியாதையும் குறையாது, வேலையும் கெடாது. எப்போதைக்குள் பதில் வேண்டும் என்ற கடைசி வரி மிக முக்கியம். அது இல்லாததால்தான் எல்லாமே அவசரமாகத் தெரிகிறது. ஒரு பிரிவில் உள்ளவர்கள் சேர்ந்து, உடனே வேண்டுமென்றால் அழைப்பு, இன்றைக்குள் என்றால் செய்தி, மற்றதெல்லாம் மெயில் என்று பேசி வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். வேலை நேரத்துக்குப் பிறகு பதில் சொல்லாமலிருக்கும் உரிமையை ஃபிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் சட்டத்தில் எழுதின. இங்கே அப்படிச் சட்டம் வரும்வரை, இரவில் எழுதும் செய்தியைக் காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்து மெயிலாக அனுப்புவது மேலதிகாரிகளின் கையில்தான் இருக்கிறது.

எல்லாம் அடைத்த பிறகும் குறுக்கீடு வரும். அதற்கு ஒரு துண்டுச் சீட்டு போதும். யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பாதீர்கள். 'பத்து நொடி' என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்தையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் ஒரு வரி எழுதுங்கள். 'வேலையை முடித்துவிடு' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. '7-வது கணக்கு, இரண்டாம் வரி, மைனஸ் பார்' என்று கையைப் பிடித்து அழைத்துப் போகும்படி இருக்க வேண்டும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பழைய வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். திரும்பி வந்து எப்படித் தொடர்வது என்று குறித்து வைத்தால் அந்த ஒட்டுதல் குறைகிறது என்பதும் அவருடைய பிந்தைய ஆய்வில் வந்தது. மருந்துக் கடையில் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று அட்டையில் எழுதுபவருக்கும், அளவு நாடாவோடு நிற்கும் தையல்காரருக்கும் இதையே சொல்வேன். அளவை எழுதி முடித்த பிறகே போனை எடுக்க வேண்டும்.

இன்னொரு சீட்டு உள்ளிருந்து வரும் குறுக்கீட்டுக்கு. படிக்க உட்கார்ந்ததும் கேஸ் புக் செய்ய வேண்டும், அத்தைக்கு போன் செய்ய வேண்டும், அந்த நடிகர் பெயர் என்ன என்று மனம் கிளப்பிவிடும். ஒவ்வொன்றையும் அந்தச் சீட்டில் எழுதிவிட்டு வரிக்குத் திரும்புங்கள். எழுதியதை மனம் விட்டுவிடும். முடிவில் பார்த்தால் பாதி அடித்துவிடக்கூடியதாகவே இருக்கும்.

நேரத்தை எப்படித் தொடங்குவது என்பதிலும் பிழை நடக்கிறது. ஆறு மாதமாகப் புத்தகம் தொடாதவர் முதல் நாளே இரண்டு மணி நேரம் உட்காரத் திட்டமிடுவார். இருபதாவது நிமிடம் தோற்று எழுந்துவிடுவார். முதல் வாரம் 15 நிமிடம் போதும். போன் வேறு அறையில். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் டைம்பீஸ் அல்லது சுவர்க்கடிகாரம். முதல் ஐந்தாறு நிமிடம் இருப்புக் கொள்ளாது; அதைத் தாண்டினால் தணியும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் இரண்டரை மாதத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். வீட்டில் இடமில்லாதவர்களுக்குச் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் மாவட்ட, கிளை நூலகங்கள். சொந்தப் புத்தகத்தோடு போய் உட்காரவும் இடம் கிடைக்கும். சுற்றிலும் எல்லோரும் குனிந்து படிக்கும்போது கை போனுக்குப் போகத் தயங்குவதைக் காணலாம்.

இரவுக்கு ஒரே விதி: சார்ஜர் படுக்கையறையில் இருக்கக் கூடாது. ஹாலில் நிலையாக ஒரு பிளக்கில் விட்டுவிடுங்கள். அலாரத்துக்காகத்தான் போன் பக்கத்தில் வேண்டும் என்பவர்களுக்குப் பாத்திரக் கடையிலும் கடிகாரக் கடையிலும் டைம்பீஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவசர அழைப்பை எதிர்பார்ப்பவர்கள் ரிங் ஒலியை முழுதாக வைத்து ஹாலில் விடலாம், கேட்கும்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத ஒரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவரும் இளைஞனுக்குப் போன் ஒலிப்பதுதான் கூலி. ஹேண்டில்பாரில் திரை மின்னும்போது பார்க்காவிட்டால் ஆர்டர் போய்விடும். அவனிடம் கவனத்தைப் பற்றி உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை. வண்டி ஓடும்போது புது ஆர்டரைத் திரையில் காட்டாமல், நின்ற பிறகு ஏற்கப் போதிய நேரம் தருவது அந்த நிறுவனங்களால் முடியாத காரியம் அல்ல. வாங்குகிற நாமும் அவசரமில்லாத பொருளுக்கு அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்காமல் இருக்கலாம்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். செய்தி ஆப்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. 'சற்று முன்' என்ற ஒலியோடு வருபவற்றில் புயல் எச்சரிக்கையும் இருக்கிறது, நடிகரின் பட அறிவிப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஒலி. வாசகர் ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏரி திறப்பும் பள்ளி விடுமுறையும் அவருக்குத் தெரியாமல் போவது இப்படித்தான். உங்கள் ஆப்பில் வானிலை, பேரிடர், பள்ளி விடுமுறை ஆகியவற்றை ஒரு வகையாகவும் மற்றவற்றை வேறு வகையாகவும் பிரித்து வையுங்கள். முதல் வகை எப்போது வந்தாலும் ஒலிக்கட்டும். மற்றவை காலை ஏழரைக்கும் மாலை ஏழுக்கும் இரண்டே தொகுப்பாக, ஒலியில்லாமல் வரட்டும். உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு இது பெரிய வேலை இல்லை. மாற்றம் செய்த அன்று, அதை எங்கே போய் அமைப்பது என்பதை முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டால், ஆப் செட்டிங்ஸைத் திறந்தே பார்க்காத வாசகர்களுக்கும் அது போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
கும்பகோணம்.